ஏடிஎச்டி மருந்து மாதாமாதம் தடைபடாமல் கிடைக்க: ரெம்பாவ் வட்டாரப் பெற்றோருக்கு

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறுக்காக அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு மருந்தின் விலை பெரிய சிக்கல் இல்லை. குடிமக்களுக்குப் பொதுப் பிரிவில் 1 வெள்ளி, நிபுணர் பிரிவில் 5 வெள்ளி என்ற கட்டணத்திலேயே மருந்தும் அடங்கிவிடுகிறது. சிக்கல் எல்லாம் நாளில்தான். 30 நாளுக்குக் கொடுத்த மாத்திரை 30ஆம் நாள் தீர்ந்துவிடும். 31ஆம் நாள் காலையிலும் பிள்ளை பள்ளிக்குப் போயாக வேண்டும்.

ரெம்பாவ், பெடாஸ், செம்போங், கோத்தா, அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்கள் ஆகிய இடங்களில் வாழும் நம் குடும்பங்களில் பலருக்கு இது பழகிய கதை. நோய் கண்டுபிடிக்கப்பட்டு, மருந்து தொடங்கி, வகுப்பில் பிள்ளை உட்கார ஆரம்பித்திருக்கும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒரு தேதி தவறும். ஒரு வாரம் மருந்து இல்லாமல் போகும். ஆசிரியரிடமிருந்து மறுபடி போன் வரும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் மருந்து வேலை செய்யாமல் இல்லை. மருந்தே வீட்டில் இல்லை.

இந்தச் சங்கிலி எங்கெங்கே அறுகிறது, அறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரை. எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டரின் வேலை. அதில் நாம் தலையிடவில்லை.

இந்த மருந்துக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

ஏடிஎச்டிக்கு நம் நாட்டில் அதிகம் கொடுக்கப்படுவது மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து. ரிட்டலின், கான்செர்ட்டா என்ற பெயர்களில் பெற்றோருக்கு அறிமுகமானது இதுதான். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் இதை முதலில் தயாரித்தார். ரீட்டா என்று செல்லமாக அழைக்கப்பட்ட தம் மனைவியின் நினைவாக அவர் வைத்த பெயரே ரிட்டலின். எனவே இது நேற்று வந்த மருந்து அல்ல. நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்திலேயே இருந்த மருந்து.

இது மூளையைத் தூண்டும் வகையைச் சேர்ந்தது. தேவைப்படாதவர் தவறாகப் பயன்படுத்தினால் பழக்கமாகிவிடக்கூடும். அதனால் 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டு உடன்படிக்கை இதை இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. மலேசியாவில் இது 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழும், 1989ஆம் ஆண்டு சைக்கோட்ரோபிக் பொருள் விதிமுறைகளின் கீழும் வருகிறது. மருந்தகத்தில் இதைப் பூட்டி வைக்க வேண்டும். வந்தது எத்தனை, போனது எத்தனை, யாருக்குப் போனது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கவுண்டரில் அடையாள அட்டை கேட்பதும், கையெழுத்து வாங்குவதும், "இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள்" என்றால் மறுப்பதும் இதனால்தான். நம்மைச் சந்தேகித்து அல்ல.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கஞ்சா, ஹெரோயின் போன்றவற்றுக்கான அபாயகர போதைப்பொருள் சட்டமும் அதே 1952ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆனால் அது வேறு, இது வேறு. மருந்துத் தாளில் "சைக்கோட்ரோபிக்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு டாடா கொடுக்கிறார்கள்" என்று பாட்டி பயந்து மாத்திரையை ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. டாக்டர் எழுதி, அரசாங்க மருந்தகம் பெயர் ஒட்டிக் கொடுத்த மாத்திரையை அந்தப் பிள்ளை சாப்பிடுவது முழுக்கச் சட்டப்படியானது. அதே மாத்திரையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் சட்டப்படி குற்றம்.

முதலில் தேதிகளைப் பிரித்துப் பாருங்கள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கையில் இரண்டு வகைத் தேதி இருக்கும். ஒன்று டாக்டரைப் பார்க்கும் தேதி. இது மூன்று மாதம், சில நேரம் ஆறு மாதம் கழித்து இருக்கலாம். மற்றொன்று மருந்து எடுக்கும் தேதி. டாக்டர் மூன்று மாதத்துக்கு எழுதியிருந்தாலும் மருந்தகம் பொதுவாக ஒரு மாத அளவைத்தான் ஒரு முறை கொடுக்கும். மீதியை மாதாமாதம் போய் எடுக்க வேண்டும். அந்தத் தாளில் அடுத்தடுத்த தேதிகள் குறிக்கப்பட்டிருக்கும்.

பெரும்பாலான குடும்பங்கள் டாக்டர் தேதியைத் தவறவிடுவதில்லை. தவறுவது நடுவில் வரும் இந்த மருந்துத் தேதிகள்தாம். நாள்காட்டியில் டாக்டர் தேதியை ஒரு நிறத்திலும் மருந்துத் தேதியை வேறு நிறத்திலும் வட்டமிடுங்கள். போனில் அலாரம் வைப்பவர்கள் மருந்துத் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் வையுங்கள். அன்றே வைத்தால், அன்று இரண்டாவது ஷிப்டு என்றால், அலாரம் அடித்தும் பயன் இல்லை.

மாத்திரைகளை எண்ணுவது இன்னொரு பழக்கம். நாளுக்கு ஒரு கான்செர்ட்டா என்றால் 30 நாளுக்கு 30. நாளுக்கு இரண்டு முறை 10 மில்லிகிராம் ரிட்டலின் என்றால் 60. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு குறைகிறது என்றால், பதிவேட்டில் உள்ள மருந்து என்பதால் அதை நிரூபிப்பது கடினம். அடுத்த தேதி 30 நாளுக்குள் விழுகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். ஜனவரி 2ஆம் தேதி 30 நாளுக்கு வாங்கினால் ஜனவரி 31ஆம் தேதி காலையோடு மருந்து முடியும். அடுத்த தேதி பிப்ரவரி 4 என்று போட்டிருந்தால் நடுவே மூன்று காலைகள் காலி. கவுண்டரில் இருக்கும்போது சொன்னால் இரண்டு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள்.

பொது விடுமுறைகளையும் பார்க்க வேண்டும். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி நாட்களில் வெளிநோயாளிகளுக்கான மருந்தகக் கவுண்டர் மூடியிருக்கும். நெகிரி செம்பிலானில் சனி, ஞாயிறு வார விடுமுறை. பெருநாளும் வார இறுதியும் சேர்ந்துகொண்டால் நான்கைந்து நாள் போய்விடும். தேதி அந்த வாரத்தில் விழுந்தால், "சில நாள் முன்னதாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று முந்தின மாதமே கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிரம்பானுக்கா, பக்கத்திலா?

ஏடிஎச்டி மருந்தைத் தொடங்குவது நிபுணர்களின் பொறுப்பு. பிள்ளைகளுக்குக் குழந்தை மருத்துவ நிபுணரோ மனநல மருத்துவ நிபுணரோ பார்ப்பார். நம் வட்டாரத்துக்கு மாநில மருத்துவமனை சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை. ரெம்பாவ் பட்டணத்திலிருந்து சுமார் 25, 30 கிலோமீட்டர். காரில் போனால் பெரிய தூரம் இல்லை. ஆனால் தோட்டத்து உள்சாலையிலிருந்து புறப்பட்டு, பட்டணம் வந்து, அங்கிருந்து சிரம்பான் போய், வண்டி நிறுத்த இடம் தேடி, எண் எடுத்து உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். பஸ்ஸை நம்பியிருப்பவருக்கு முழு நாள்.

அந்த ஒரு நாளின் மதிப்பு என்ன? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். அதற்கு மேல் 16 நாள். மருந்துக்கு மட்டும் மாதம் ஒரு நாள் என்றால் ஆண்டுக்கு 12 நாள். செம்போங்கிலோ செனவாங்கிலோ தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தாய்க்கு இருக்கும் 8 நாளும் ஆகஸ்டு மாதத்தோடு தீர்ந்துவிடும். தீபாவளிக்கு ஒரு நாள் கூட மிஞ்சாது. பிள்ளைக்காகப் போனவருக்குக் கிளினிக்கில் எம்சி கிடைக்காது. "டைம் ஸ்லிப்" எனப்படும் நேரச் சீட்டுதான் கிடைக்கும். அதை ஏற்பதா, சம்பளத்தைப் பிடிப்பதா என்பது முதலாளியின் விருப்பம். செம்பனைத் தோட்டத்தில் குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்தப் பேச்சே இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு கிடையாது. மருந்து தடைபடுவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மைதான் காரணம் என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் தோட்டத்து டிரெசர் மருந்தை லயத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காலம் திரும்பாது. ஆனால் சுகாதார அமைச்சு அதற்கு ஓரளவு ஈடான ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. அதன் பெயர் எஸ்பியூபி, அதாவது ஒருங்கிணைந்த மருந்து விநியோக முறை. டாக்டரைப் பார்ப்பது சிரம்பானில் என்றாலும், அடுத்தடுத்த மாத மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையிலோ சுகாதாரக் கிளினிக்கிலோ எடுத்துக்கொள்ள இது வழி செய்கிறது. ரெம்பாவ் பட்டணத்தில் சுகாதாரக் கிளினிக்கும் இருக்கிறது, ரெம்பாவ் மருத்துவமனையும் இருக்கிறது. தம்பின் எல்லையில் வசிப்பவர்களுக்குத் தம்பின் மருத்துவமனை கிட்ட.

இதை யாரும் வலிய வந்து சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். முதல் மாத மருந்து வாங்கும்போதே கவுண்டரில் இருக்கும் மருந்தாளரிடம், "உபாட் இனி போலே அம்பில் டி ரெம்பாவ், குனா எஸ்பியூபி?" என்று கேளுங்கள். அந்த ஒரு வரி போதும். இது கட்டுப்பாட்டு மருந்து என்பதால் எல்லாச் சிறிய கிளினிக்கிலும் இருப்பு வைப்பதில்லை. எனவே எந்த இடத்தில் கிடைக்கும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பெற்றுக்கொள்ளும் இடத்துக்கு முன்கூட்டித் தகவல் போனால்தான் அவர்கள் மருந்தை வரவழைத்து வைக்க முடியும். தபால் வழி மருந்து, வண்டியிலிருந்தபடியே வாங்கும் கவுண்டர் போன்ற சேவைகளைப் பற்றிக் கேட்கும்போதும் மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். இனிப்புநீர், இரத்த அழுத்த மருந்துக்குக் கிடைக்கிற வசதி எல்லாம் பூட்டி வைக்கிற மருந்துக்கும் கிடைக்கும் என்று நாமே எண்ணிக்கொள்ளக் கூடாது.

சிரம்பானுக்குத்தான் போக வேண்டும் என்றால் ரெம்பாவில் கேடிஎம் ரயில் நிலையம் இருப்பதை மறந்துவிடாதீர்கள். பத்துமலைக்கும் பூலாவ் செபாங்குக்கும் இடையே ஓடும் கொமுட்டர் ரயில் ரெம்பாவில் நின்று சிரம்பானுக்குப் போகிறது. வண்டிகள் அடிக்கடி இல்லை. நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனையில் நேரம் கேட்க வேண்டும். ஓகேயூ அட்டை உள்ளவர்களுக்குக் கேடிஎம் கட்டணத்தில் பாதி தள்ளுபடி.

அந்த அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். சமூக நல இலாகா பதிவு செய்யும் கற்றல் சிரமப் பிரிவில் ஏடிஎச்டியும் அடங்கும். அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைக் கட்டணம் இல்லை. பள்ளியில் பிபிகேஐ எனப்படும் சிறப்புக் கல்வி வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. "ஓகேயூ என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்று தயங்கும் பெற்றோரின் வருத்தம் புரிகிறது. எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் போக்குவரத்துச் செலவே மருந்தைத் தடுக்கிறது என்றால், டாக்டரிடம் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

யார் போய் வாங்கலாம்?

டாக்டரைப் பார்க்கும் நாளில் பிள்ளை கட்டாயம் வர வேண்டும். உயரம், எடை, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடரக் கூடாது. பசி குறைவதும் தூக்கம் கெடுவதும் இதன் பொதுவான பக்க விளைவுகள். நடுவில் வரும் மருந்துத் தேதிகளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அழைத்துப் போக வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் போனால் போதும். அப்பா அம்மா இருவராலும் முடியாத மாதத்தில் சித்தப்பாவோ அத்தையோ போகலாமா, என்ன கொண்டுபோக வேண்டும் என்று முன்பே கேட்டு வையுங்கள். மருந்துத் தாள், பிள்ளையின் மைகிட் அல்லது மைகாட், போகிறவரின் அடையாள அட்டை மூன்றும் இருந்தால் பெரும்பாலும் தடை இருக்காது. தாளின் படத்தைப் போனில் காட்டுவது வேலைக்கு ஆகாது. அசல் தாள் வேண்டும்.

ஒரே தோட்டத்தில் அல்லது ஒரே தாமானில் இரண்டு, மூன்று குடும்பங்களுக்கு இதே மருந்து என்றால், தேதிகளை ஒரே நாளுக்கு மாற்றிக் கேட்டு, ஒரே வண்டியில் போய் வரலாம். அவரவர் மருந்தை அவரவர் கையெழுத்திட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைக்கு இந்த மருந்து என்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரரும் அதே வரிசையில் நிற்பதை மருத்துவமனையில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தேதி தவறிவிட்டால்

நாலு நாள் தாமதம் என்றால் பயப்படாமல் தாளோடு மருந்தகத்துக்கே போங்கள். மருந்துச் சீட்டின் காலம் முடியாதிருந்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். காலம் முடிந்திருந்தால் மருந்தாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் சண்டை போட்டும் பயனில்லை. புதுச் சீட்டு எழுத டாக்டர் வேண்டும். டாக்டர் தேதியே தவறிப்போனால், அதே நாளோ அடுத்த நாளோ கிளினிக்குக்குப் போன் செய்து புதுத் தேதி கேளுங்கள். புதுத் தேதி இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தால், "அதுவரை மருந்து இல்லை" என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் பதிவு செய்பவருக்கு அது தெரியாது. இடைக்கால மருந்து தருவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். சுகாதாரக் கிளினிக்குகளுக்கு வரும் குடும்ப மருத்துவ நிபுணரும் இதில் உதவக்கூடும்.

மருந்து இல்லாத நாட்களில் பிள்ளைக்கு ஆபத்து ஏற்படுமா? டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு நாள், இரண்டு நாள் தவறுவதால் உயிருக்குக் கேடு இல்லை. பழைய துடிப்பும் கவனச் சிதறலும் திரும்பும். மறுநாள் இரண்டு மடங்கு கொடுத்து ஈடுகட்டக் கூடாது. காலையில் மறந்ததை மாலையில் கொடுத்தால் இரவுத் தூக்கம் போய்விடும். பல வாரம் இடைவெளி விழுந்துவிட்டால் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்காமல் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

பள்ளி விடுமுறையில் மருந்தை நிறுத்தி வைக்கலாம் என்று சில பிள்ளைகளுக்கு டாக்டரே சொல்வதுண்டு. அப்படி மிஞ்சும் மாத்திரைகளை மறைக்க வேண்டாம். எத்தனை மிச்சம் என்று அடுத்த முறை சொல்லுங்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சொல்லாமல் சேர்த்து வைத்தால், மாத்திரைக் கணக்கும் பிள்ளையின் நிலைமையும் பொருந்தாமல் டாக்டர் அளவைத் தவறாகக் கூட்டிவிட வாய்ப்பு உண்டு.

மாத்திரை தொலைந்தாலோ திருடு போனாலோ உடனே மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் புகார் கேட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம். பூட்டி வைக்கிற மருந்துக்கு அது இயல்பு.

மருந்தே வரவில்லை என்றால்

"ஸ்டாக் தாக் அடா." கவுண்டரில் இப்படிச் சொன்னால் அது இந்த ஊருக்கு மட்டுமான குறை அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 அக்டோபரில் அடரல் என்ற ஏடிஎச்டி மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அறிவித்தது. 2023 செப்டம்பரில் பிரிட்டன் மெத்தில்ஃபெனிடேட் உட்பட இவ்வகை மருந்துகள் பலவற்றுக்கு நாடு தழுவிய எச்சரிக்கை விடுத்தது. மற்ற மருந்து என்றால் வேறு நாட்டிலிருந்து விரைவாக வரவழைக்கலாம். கட்டுப்பாட்டு மருந்துக்கு ஆண்டுத் தேவையை ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே வியன்னாவிலுள்ள அனைத்துலகப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி வேண்டும். தேவை திடீரென்று கூடினால் உடனே ஈடுகட்ட முடியாததற்குக் காரணம் இதுவே.

அப்படிப்பட்ட நேரத்தில் டாக்டர் வகையை மாற்றித் தரலாம். சாதாரண 10 மில்லிகிராம் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். ரிட்டலின் எல்ஏ எட்டு மணி நேரம். கான்செர்ட்டா பன்னிரண்டு மணி நேரம் வரை. கான்செர்ட்டாவை உடைக்கவோ மெல்லவோ கூடாது. முழுதாக விழுங்க வேண்டும். (அதன் வெற்று ஓடு மலத்தில் வெளியேறும். மருந்து கரையவில்லை என்று பதற வேண்டாம்.) இவற்றின் எண்களை ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிட முடியாது. 18 மில்லிகிராம் கான்செர்ட்டா இல்லை, வீட்டில் பழைய 10 மில்லிகிராம் இரண்டு இருக்கிறது, ஏறக்குறைய சரிதானே என்று கணக்குப் போடாதீர்கள். அது டாக்டர் போட வேண்டிய கணக்கு.

அட்டோமொக்செட்டின் என்று வேறொரு மருந்தும் இருக்கிறது. அது சைக்கோட்ரோபிக் பட்டியலில் இல்லை. தூண்டும் வகையும் அல்ல. ஆனால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மெத்தில்ஃபெனிடேட் அடிக்கடி தடைபடும் குடும்பம், "இது எங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா?" என்று நிபுணரிடம் கேட்பதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. டெலிகிராமிலும் இணையக் கடையிலும் "ஒரிஜினல் ரிட்டலின், சீட்டு தேவையில்லை" என்று விற்பதை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. வாங்குவதும் குற்றம்.

தனியார் நிபுணரிடம் போகும் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. தனியார் டாக்டர் எழுதிய சீட்டுக்கு அரசாங்க மருந்தகம் மருந்து கொடுக்காது. வெளி மருந்தகங்களில் பல இதை இருப்பு வைப்பதே இல்லை. போவதற்கு முன் போன் செய்து, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகளின் விலை மாதாமாதம் கையைக் கடிக்கும். தனியாரில் நோய் உறுதியானவர்கள் அறிக்கையோடும் பரிந்துரைக் கடிதத்தோடும் அரசாங்க மருத்துவமனைக்கு மாறலாம். அங்கே முதல் தேதி கிடைக்க மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், தனியார் டாக்டரை அதற்குள் விட்டுவிட வேண்டாம்.

வீட்டிலும் பள்ளியிலும்

மருந்தைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாமி மேடையில், ஃபிரிட்ஜ் மேல், டிவி பக்கத்தில் வேண்டாம். தம்பி தங்கை மிட்டாய் என்று எடுத்துவிடுவது ஒரு பயம். எஸ்பிஎம் எழுதப்போகும் அண்ணனோ மாமா மகனோ, "இது படிப்பு மாத்திரையாமே, ரெண்டு கொடுங்க" என்று கேட்பது இன்னொரு பயம். இது இப்போது உண்மையாகவே நடக்கிறது. இரண்டு போனால் கணக்கில் ஒரு நாள் குறைகிறது என்பது சின்ன விஷயம். இதயக் கோளாறு இருப்பது தெரியாத இளைஞன் அதைச் சாப்பிட்டால் வரக்கூடியதுதான் பெரிய விஷயம்.

மதிய வேளைக்கு 10 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய பிள்ளைக்குப் பள்ளியின் துணை தேவை. மாத்திரையைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பாதீர்கள். டாக்டரின் கடிதத்துடன் வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ பேசி, யார் கையால் எந்த மணிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். அதே ஆசிரியரிடம் டாக்டர் தேதிக்கு ஒரு வாரம் முன் நாலு வரி எழுதி வாங்குங்கள். வகுப்பில் எப்படி இருக்கிறான், எந்த மணிக்கு மேல் கவனம் சிதறுகிறது, மதியம் சாப்பிடுகிறானா என்பது போதும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய டாக்டருக்கு நம் பேச்சைவிட இந்த நாலு வரி பயன்படும்.

ஊர் விட்டுப் போகும்போது

மாநிலத்துக்குள், நாட்டுக்குள் பயணம் என்றால் பெயர் ஒட்டிய அசல் உறையிலேயே மருந்தைக் கொண்டு போங்கள். சிங்கப்பூரில் மெத்தில்ஃபெனிடேட் மேலும் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. ஜொகூர் பாலத்தைக் கடப்பதற்கு முன்பே அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவுக்குக் கோயில் பயணம் போகிறவர்கள் மருந்தின் பெயர், அளவு, நாள் எண்ணிக்கை குறிப்பிட்ட டாக்டர் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயண நாளுக்கு உரிய அளவை மட்டும் கையில் வையுங்கள்.

வீடு மாறுவதும், படிவம் ஒன்றுக்கு வேறு ஊரில் விடுதியில் சேர்வதும், 18 வயதில் பிள்ளைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்குப் போவதும் மருந்து அறுந்துபோகும் இடங்கள். ஏடிஎச்டி 18 வயதோடு எல்லோருக்கும் போய்விடுவதில்லை. மாற்றம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே மாற்றல் கடிதம் கேளுங்கள். கடிதம் கைக்கு வந்ததும், புதிய இடத்தின் முதல் தேதி என்ன, பழைய இடத்தில் வாங்கிய கடைசி மாத மருந்து எந்தக் காலையோடு முடிகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் நாள் விழுந்தால் பழைய கிளினிக்கை விட்டு வருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.